கப்பல் மாவும் சிரட்டைத் தணலும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே சமையலறையைக் குசினி என்கிறோம். அங்குள்ள அலமாரி, மேசை, கோப்பை ஆகிய சொற்களைப் போலவே குசினி என்ற சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பாண் அவர்களுடைய சொல்; விசுக்கோத்து அவர்களுடைய சொல்; பாண் வேகும் போறணையும் அவர்கள் நாவிலிருந்து நமது நாவுக்கு வந்து திரிந்த சொல்லே. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை விழுங்கி, 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த அந்த ஆட்சி, கோட்டையையும் தேவாலயங்களையும் இடித்த கோயில்களின் நினைவையும் விட்டுச் சென்றதென நமது வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சட்டிபானைக்கு நடுவே அது விட்டுச் சென்றவை பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. குசினிக்குள் நின்றவர்கள் பெண்கள். நூல் எழுதியவர்கள் விறாந்தையில் இருந்த ஆண்கள்.

இவ்விடயத்தை எழுத என்னைத் தூண்டியது ஒரு சிறு சம்பவம். தவணை முடிவு நாளன்று மாணவி ஒருத்தி மூடிப்பெட்டியொன்றில் பன்னிரண்டு சிறு கேக்குகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தாள். கரட் துருவிப் போட்டு, கறுவாவும் சாதிக்காயும் கராம்பும் சேர்த்து, சிறு கிண்ணங்களில் வார்த்து எடுத்த மஃபின்கள். “அம்மா வீட்டிலை செய்தவா” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். தின்றுகொண்டே நண்பர் ஒருவர் சொன்னார்: “ஒடியற் கூழும் எள்ளுருண்டையும் இருக்கிற ஊரிலே வெள்ளைக்காரன் பலகாரம் எதற்கு? நமது பண்பாடு இப்படித்தான் போகிறது.” மற்றொருவர் மறுத்தார்: “இதெல்லாம் வளர்ச்சி. காலத்தோடு போகத்தானே வேண்டும்.” இருவர் சொன்னதும் பிழையென்று எனக்குத் தோன்றிற்று. முதலாமவர் பண்டத்தின் பெயரைப் பார்த்தார். இரண்டாமவர் அதன் அழகைப் பார்த்தார். அந்த மா எங்கிருந்து வந்தது, அந்தச் சூடு எப்படிக் கிடைத்தது, அதனைச் சமைத்த கை எதனைக் கற்றிருந்தது என்று இருவரும் கேட்கவில்லை.

முதலில் பண்டத்தையே பார்ப்போம். மஃபின் என்பது ஈஸ்ற் சேர்த்து மணிக்கணக்காகப் பொங்கவிடும் பாண் வகையைச் சேர்ந்ததன்று. அப்பச்சோடா புளிப்புப் பொருளோடு சேரும்போது கரியமிலவாயு எழும். அந்த வாயு மாவைத் தூக்கி நிறுத்தும். சோடாவையும் காய்ந்த அமிலத்தையும் ஒரே பொடியாக்கி விற்கும் வழி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவாயிற்று. வேலைக்குப் போகும் வீட்டுக்குக் காத்திருக்க நேரமில்லை; அந்த நேரத்தை வேதியியல் மிச்சப்படுத்திக் கொடுத்தது. கரட் இதற்குள் நுழைந்ததும் ஆடம்பரத்தால் அன்று. கரட்டில் இயல்பாகவே இனிப்பும் ஈரமும் உண்டு. சீனி விலைகூடிய பொருளாக இருந்த காலத்து ஐரோப்பாவில் கரட்டைப் பலகாரங்களில் சேர்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940 சனவரியில் பிரித்தானியாவில் சீனிக்குப் பங்கீடு வந்தது. உணவு அமைச்சர் வூல்ற்றன் பிரபுவின் அமைச்சு, சீனி இல்லாத இடத்திலே கரட்டைத் துருவிப் போடும்படி குடும்பப் பெண்களுக்குப் பிரசாரம் செய்தது. ஆக, நண்பர் ‘வெள்ளைக்காரன் பலகாரம்’ என்று சொன்னது வெள்ளைக்காரர் நாட்டிலும் தட்டுப்பாட்டின் பிள்ளைதான். இலண்டன் தொழிலாளியின் மனைவி கண்ட மாற்றுவழிதான்.

ஆனால் அதே யுத்தம் பிரித்தானியாவின் குடியேற்ற நாடாகிய இலங்கைக்கு வேறு விதமாக வந்தது. தோட்டப் பயிர்களை ஏற்றுமதி செய்து உணவை இறக்குமதி செய்யும் நாடாக இலங்கையை ஆக்கி வைத்தவர்கள் பிரித்தானியர். தின்னும் அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. மழையையும் கிணற்றையும் நம்பிய யாழ்ப்பாணக் குடாநாடும் தன் வயல் நெல்லால் மட்டும் வயிறு நிரப்ப முடியாத பிரதேசமே. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. அதுவரை மிஷன் வீடுகளிலும் நகரத்துத் துரைமார் மேசைகளிலும், நோயாளிக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் பத்தியமாகவும் இருந்த கோதுமை, கூப்பன் அட்டை வழியாகச் சாதாரண வீட்டுக்குள் வந்தது. நம்முடைய மண்ணில் ஒருபோதும் விளையாத தானியம் அது. வந்த நாள் முதல் இன்றுவரை கப்பலில் வருவது.

அந்த மாவை நமது பெண்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் வரலாறு சுவையாகிறது. கோதுமை மாவிலே பசைத்தன்மை கொண்ட புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டுப் பிசைந்தால் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். பாணுக்கு அது வேண்டும். பிட்டுக்கோ இடியப்பத்துக்கோ அது பகை. அரிசிமாப் பிட்டு உதிர்வதுபோல் பச்சைக் கோதுமை மா உதிராது. ஆகவே மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டிகளைச் சூடு ஆறுமுன் உடைத்து, அரிதட்டிலே அரித்து எடுத்தார்கள். ஆவியின் சூட்டில் பசை இறந்துவிடும். அதன்பிறகு அந்த மா நீத்துப்பெட்டிக்கும் இடியப்ப உரலுக்கும் அடங்கி நடக்கும். ‘அவித்த மா’ என்று இன்று கடைகளில் பொதிசெய்து விற்கப்படுவதும், கனடாவிலும் இலண்டனிலும் தமிழ்க் கடைகளில் அடுக்கப்படுவதும் இதுதான். எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் பிறவாத இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரும் பெயர் ஒன்றுமில்லை. மஃபின் மாவை அதிகம் கலக்காதே, கலக்கினால் இறுகும் என்று சமையற் புத்தகங்கள் எழுதுகின்றன. அவை எச்சரிப்பது அதே பசையைப் பற்றித்தான். அவித்த மா அரித்த கைக்கு அந்தப் பாடம் புதிதல்ல.

மாவுக்கு ஊரார் வைத்த பெயரையும் கவனிக்கவேண்டும். அமெரிக்கன் மா! யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவும் கனடாவும்கூட மா அனுப்பின. ஆயினும் பெயர் அமெரிக்காவுக்கே போயிற்று. 1954இல் அமெரிக்கா இயற்றிய 480ஆம் பொதுச் சட்டம், அந்நாட்டு விவசாயத்தின் மிகைவிளைச்சலை வறிய நாடுகளுக்குச் சலுகையில் கொடுக்க வழிவகுத்தது. மேலுக்கு அது தருமம். உள்ளே அது சந்தைதேடலும் அரசியலும் ஆகும். இதை மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ணுவோர் 1963ஐ நினைவு கூரட்டும். அந்நிய எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்களை இலங்கை அரசு பொறுப்பேற்று, நட்டஈட்டுத் தகராறு எழுந்தபோது, அமெரிக்கா அந்த ஆண்டு பெப்ரவரியில் தன் உதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறியபின் உதவி மீண்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணிஸும் பால்மாவும் கொடுத்த காலமும் அதுவே. பணிஸ் தின்ற பிள்ளைக்கு எண்ணெய்க் கம்பெனிகளைப் பற்றி என்ன தெரியும்? அதன் பசி உண்மையானது, பணிஸும் உண்மையானது. கொடுத்த கையின் கணக்கு வேறாக இருந்தது, அவ்வளவே.

அரிசிக்கும் மாவுக்கும் இடையிலுள்ள இந்த ஊஞ்சலை 1953ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டும். அவ்வாண்டு சூலையில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூட நேர்ந்தது; ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதே ஆண்டு செப்ரெம்பரிலேதான் பிரித்தானியாவில் சீனிப் பங்கீடு ஒழிந்தது. அங்கே கேக்குக்கு வழி பிறந்த அதே பருவத்தில், இங்கே சோற்றுக்காக மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு முன் நின்றார்கள்.

இனி, சூடு. பழைய யாழ்ப்பாணக் குசினியில் போறணை இல்லை. அவிப்பதும் பொரிப்பதும் வறுப்பதும் உண்டு. நாற்புறமும் மூடிய வெப்பத்தில் வேகவைப்பது நகரத்துப் பேக்கரிக்காரன் தொழில். அந்தப் பேக்கரிக்காரர்களில் பலர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர்கள் என்பதை இளம் வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். விடியற் சாமத்திலே விறகு போறணையை மூட்டி, ஊர் விழிக்குமுன் சைக்கிள் பெட்டிகளில் பாணை அனுப்பிய தொழிலாளர்கள் அவர்கள். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், தெற்கிலே தமிழருக்கு நடந்த கொடுமைகளின் எதிரொலியாக, அவர்கள் இங்கிருந்து போனார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நகரத்தை வளர்த்த கைகளை நகரமே துரத்திய கதை இது. அதை வேறொருவன் குற்றமாக மட்டும் எழுதிவிட முடியாது.

சாதியின் கணக்கும் அடுப்படியிலே தெரிந்தது. அப்ப மாவைப் பொங்க வைத்தது கள். அந்தக் கள்ளைப் பனையிலிருந்து இறக்கிய மனிதன் தேநீர்க் கடைக்குள் இருக்க முடியாது. அவனுக்கு வெளியே போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர். அவன் கள்ளின் நொதிப்பு வீட்டுக்குள் போகலாம். அவன் போகக் கூடாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் முதலிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களுமே அதற்கு உயிர் கொடுத்தன. ஆசிரியர் அறையில் ‘நமது பண்பாடு’ என்று நண்பர் சொன்னபோது எனக்கு அந்தத் தகரப் பேணி ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் மஃபினை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

கரட்டின் கதையும் சொல்லத்தக்கதே. இலங்கையில் அது நுவரெலியாவின் குளிரில் வேரூன்றிய பயிர். 1848இல் அங்கே ஆங்கிலேயக் குடியேற்றமொன்றை உண்டாக்கி, ஆங்கிலேய மரக்கறிகளையும் கால்நடையையும் வளர்க்க முயன்றவர் சாமுவேல் பேக்கர். (பெயரின் பொருள் ‘பாண் சுடுபவர்’ என்பது தற்செயல்.) அவருக்குப் பிந்திய ஒன்றரை நூற்றாண்டில், அந்த மலைச்சரிவுகளின் தேயிலையிலும் மரக்கறித் தோட்டங்களிலும் முதுகு வளைந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் சந்ததியினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. அப்போது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் காட்டிய அக்கறை போதியதாக இருந்ததென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் வலிகாமத்துச் செம்மண்ணிலும் கரட் வந்தது. மாரி மழை ஓய்ந்து பனி விழும் மாதங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அருகே கரட்டும் பீற்றூட்டும் கோவாவும் விளைகின்றன. அந்த மாதங்களில் திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகச் சந்தையிலும் மண் ஒட்டிய கரட்டைக் காணலாம். மலைக் கரட்டைவிட இதற்கு நிறம் சற்றுக் குறைவு. இனிப்பில் குறைவில்லை என்பது என் கட்சி.

கறுவாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் கப்பல்களே வந்தன. இலங்கைக் கறுவாவின் ஏகபோகத்தைக் காக்க ஒல்லாந்தக் கம்பெனி செய்த கொடுமைகளைப் பாடசாலைப் புத்தகங்களே கூறும். இன்று மாணவியின் அம்மா அரைக் கரண்டி கறுவாத் தூளை அளந்து போடுகிறாள். போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் ஆங்கிலேயனும் அதற்காகச் சண்டையிட்டது அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அந்தக் கணத்தில் இல்லை.

எழுபதுகளில் மா மீண்டும் அரசியலாயிற்று. 1973, 74இல் உலகச் சந்தையில் கோதுமை விலையும் எண்ணெய் விலையும் ஏற, அந்நியச் செலாவணி வற்றிய இலங்கையில் பாணுக்கு விடியுமுன்பே கியூ நின்றது. அதே காலத்து இறக்குமதித் தடையினால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையில் பணம் புழங்கியது. கூலிக்கு வேலை செய்தவர் பாண் கியூவில் நின்றார். ஒரே ஊர், இரண்டு அனுபவம். 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் அந்தக் கமக்காரரின் சந்தையை இறக்குமதி வெங்காயத்துக்குத் திறந்துவிட்டது. 1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர்க் கம்பெனியான பிறிமாவின் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. மா இப்போது இங்கேயே அரைக்கப்பட்டது. கோதுமை கப்பலில்தான் வந்தது.

1990 சூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பசளை, மின்கலம், சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓய, மூலையில் கிடந்த துலாக்கள் திரும்பவும் கிணற்றில் ஏறின. மாவும் சீனியும் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்போடு வந்த கப்பல்களிலிருந்து பருத்தித்துறையில் இறங்கின. வந்ததைப் பதுக்கி விலையேற்றிய வியாபாரிகளும் நம்மவரே. தடை விதித்த அரசைத் திட்டும்போது அவர்களை மறந்துவிடக் கூடாது.

நான் பிறந்து வளர்ந்தது அந்த ஆண்டுகளில். எங்கள் வீட்டில் பிறந்த நாள் கேக் எப்படி வெந்தது என்பதை அம்மா பல முறை சொல்லியிருக்கிறார். பெரிய அலுமினியச் சட்டியொன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காய்ந்த கடல்மணல். அதன்மேல் மூன்று கல். சட்டியை மூடி விறகடுப்பில் அரை மணி நேரம் காய விடுவார். மணலிலே ஒரு சிட்டிகை மாவைத் தூவினால் அது கருகாமல் மெல்லப் பொன்னிறமாக வேண்டும். அதுவே அவருடைய வெப்பமானி. மாவை வார்க்கத் தகரமில்லை. வெறும் மீன் ரின்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நாற்றம் போக எலுமிச்சந் தோலால் துடைத்து, உள்ளே தேங்காயெண்ணெய் பூசி அவற்றிலே வார்த்தார். சீனிக்குப் பதில் இடித்த பனங்கட்டி. பட்டருக்குப் பதில் தேங்காயெண்ணெய். ஊர்க்கோழி முட்டை இரண்டு. பனங்கட்டியும் போதாமற் போனபோது பக்கத்துத் தோட்டத்துக் கரட் இரண்டைத் துருவிப் பிழியாமல் போட்டார். மூடிமேல் சிரட்டைத் தணல். அப்பத்துக்கு மேல் தணல் வைத்த பழைய பழக்கம்தான் இங்கே துணைக்கு வந்தது. கீழ்ச்சூடு மட்டுமானால் அடி கருகி மேல் பச்சையாக நிற்கும். ஈர்க்கொன்றை நடுவிலே ஏற்றி எடுத்து, மா ஒட்டாவிட்டால் இறக்குவார். யாருடைய புத்தகத்தைப் பார்த்தும் அவர் அதைச் செய்யவில்லை. பிரித்தானிய உணவு அமைச்சின் பிரசாரத்தை அவர் அறிந்திருக்கவும் இல்லை. சீனி இல்லாத குசினி எங்கே இருந்தாலும் ஒரே வழியைத்தான் தேடும் போலும்.

மஃபின் என்ற சொல் பிறகு தொலைக்காட்சியோடும் வெளிநாட்டு உறவினரோடும் வந்து சேர்ந்தது. மீன் ரின்னில் வெந்ததற்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரின் கேக்’.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தச் சட்டியைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. கிணற்றுக் கட்டருகே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை. கதவு நிலைகள் இல்லை. சட்டி கவிழ்த்த இடத்திலேயே கிடந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில் மின்சாரப் போறணை இருக்கிறது. வேறொரு சாராரும் இருக்கிறார்கள்: போரில் கணவனை இழந்தவர்களும், வேலையற்ற குடும்பத்தைத் தாங்குபவர்களுமாகிய பெண்கள், கடனுக்குப் போறணை வாங்கி, வீட்டிலே கேக்கும் மஃபினும் செய்து கடைகளுக்கும் விழாக்களுக்கும் கொடுக்கிறார்கள். என் மாணவியின் தாயும் அவர்களில் ஒருத்தி என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்தப் பன்னிரண்டு மஃபின்களும் ஒரு கடைக்குக் கொடுக்கவிருந்தவற்றில் எடுத்தவை. மாவின் விலையை அவள் தீர்மானிப்பதில்லை. விற்கும் விலையைக் கடைக்காரன் தீர்மானிக்கிறான். கடன் தவணையை நுண்கடன் கம்பெனி தீர்மானிக்கிறது. இரவு பதினொரு மணிவரை அவள் நிற்கும் நேரத்துக்கு யாரும் விலை வைப்பதில்லை. ‘வீட்டில் செய்தது’ என்று பொதியில் ஒட்டியிருக்கும் சொற்களுக்குள் அந்த நேரம் மறைந்துகிடக்கிறது.

2022இல் டொலர் இல்லாமற் போய், உக்ரேனில் போர் மூண்டு, மே மாதத்தில் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, மா விலை மறுபடியும் தலைக்கு மேல் ஏறிற்று. சமையல் எரிவாயுவுக்குத் தெருவிலே உருளைகள் வரிசையாக நின்றன, மணிக்கணக்காக மின்வெட்டு. போறணை வாங்கிய பெண்கள் அதைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். அந்த மே மாதத்திலே ஒரு சனிக்கிழமை, பேரப்பிள்ளையின் பிறந்த நாளென்று, அம்மா கிணற்றடியிலிருந்து அலுமினியச் சட்டியை எடுத்துவரச் சொன்னார். மணலை அரித்துக் கழுவிக் காயவிட்டோம். மீன் ரின் வேண்டாம், வீட்டில் மஃபின் தட்டு இருக்கிறதே என்றேன். தட்டு சட்டிக்குள் அடங்கவில்லை. மூன்று ரின்களைத் தேடி எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.